காரம் மிளகாயில் இல்லை

மிளகாய் போட்டிருக்கும் விவசாயிக்குக் கிளி ஒரு தலைவலி. பழுத்துச் சிவந்ததாகப் பார்த்துக் கொத்தும். ஒன்றைத் தின்று முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவும். அதற்குக் கண் கலங்காது, மூக்கு ஒழுகாது. அதே பழத்தை ஒரு குழந்தை தெரியாமல் கடித்துவிட்டால் வீடே அல்லோலகல்லோலப்படும். ஒருவர் சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடுவார், இன்னொருவர் மோருக்கு ஓடுவார்.

இத்தனைக்கும் இரண்டு வாய்க்குள்ளும் போனது ஒரே பொருள்தான். அதன் பெயர் கேப்சைசின். காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்நிறச் சதையில்தான் அது உண்டாகிறது. விதையில் இருப்பது அங்கிருந்து ஒட்டிக்கொண்ட காரம். கிளிக்கும் குழந்தைக்கும் அதே கேப்சைசின்தான் கிடைக்கிறது. ஒன்று அசராமல் தின்கிறது, மற்றது அலறுகிறது. அப்படியானால் காரம் எங்கே இருக்கிறது? மிளகாயிலா, வாயிலா?

இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது என்பதே இன்றைய உயிர்வேதியியல் தரும் விடை. காபிக்கும் கீரைக்கும் மஞ்சளுக்கும் மீனுக்கும்கூட இந்த விடை பொருந்தும். 'இதற்கு இந்தக் குணம்' என்று ஒரு பண்டத்தின் தலையில் நாம் எதைக் கட்டினாலும், அந்தப் பண்டத்திலுள்ள மூலக்கூறு நம் உடம்பின் எந்த மூலக்கூறோடு போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது. ஆளுக்கு ஆள், உயிருக்கு உயிர், சில சமயம் வேளைக்கு வேளை அது மாறவும் செய்கிறது.

சுடாத சூடு

மிளகாய் ஏன் 'எரிகிறது' என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜூலியஸ். 1990களில் அவருடைய குழு செய்த சோதனை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. வலியையும் சூட்டையும் உணரும் நரம்பு செல்களில் வேலை செய்யும் மரபணுக்களின் துண்டுகளை லட்சக்கணக்கில் திரட்டினார்கள். கேப்சைசினைக் கொட்டினாலும் அசையாத வேறு வகை செல்களுக்குள் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் புகுத்தினார்கள். செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் ஒளிரும் ஒரு சாயத்தையும் சேர்த்தார்கள். பிறகு ஒவ்வொரு தொகுதியின் மேலும் கேப்சைசினை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

பெரும்பாலானவை இருண்டே கிடந்தன. ஒரு தொகுதியில் மட்டும் சில செல்கள் ஒளிர்ந்தன. அந்தத் தொகுதியைப் பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். அது உண்டாக்கும் புரதத்துக்கு இன்றைய பெயர் டி.ஆர்.பி.வி-1. 1997-இல் இதை அறிவித்த கட்டுரையின் உண்மையான அதிர்ச்சி அடுத்த வரியில் இருந்தது. அந்தப் புரதம் மிளகாய்க்கென்று படைக்கப்பட்டதல்ல, சூட்டை உணர்வதற்கென்று இருப்பது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதாவது தோல் பொசுங்கத் தொடங்கும் எல்லையில், அது தானாகத் திறக்கிறது.

நரம்பு செல்லின் உறையில் பதிந்த ஒரு சிறு துளை அது. ஒரே மாதிரியான நான்கு புரதங்கள் சேர்ந்து அந்தத் துளையை உண்டாக்குகின்றன. சூடு பட்டால் துளை திறந்து கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. கேப்சைசின் செய்வதெல்லாம் அந்தப் புரதத்தின் பக்கவாட்டில் உள்ள ஒரு குழிவில் போய் உட்காருவதுதான். உட்கார்ந்ததும், சூடே இல்லாமல் துளை திறந்துவிடுகிறது. நாக்கின் வெப்பநிலை ஏறவில்லை, ஆனால் மூளைக்குப் போவதோ 'சுடுகிறது' என்ற செய்தி. மூளை அதை நம்பி வியர்க்க வைக்கிறது, முகத்தைச் சிவக்க வைக்கிறது, உடம்பைக் குளிர்விக்க ஏற்பாடு செய்கிறது. சாப்பாட்டு மேசையில் நெற்றி வியர்ப்பதன் உள்விவகாரம் இதுதான். இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொடுகையை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனோடு அதைப் பகிர்ந்துகொண்டார்.

பறவைகளுக்கும் இந்தப் புரதம் உண்டு. கோழியின் டி.ஆர்.பி.வி-1-ஐ எடுத்துச் சோதித்தபோது, அது சூட்டுக்கும் அமிலத்துக்கும் திறந்தது, கேப்சைசினுக்குத் திறக்கவில்லை. புரதச் சங்கிலியில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் கேப்சைசினுக்கு அங்கே சரியான இருக்கை இல்லை. கிளி கெட்டிக்காரத்தனமாகக் காரத்தைத் தாங்கிக்கொள்கிறது என்பதில்லை. அதற்குக் காரமே தெரியவில்லை.

இதில் மிளகாய்ச் செடிக்கு ஆதாயம் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாய்ச் செடிகளைக் கவனித்த ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நபானும் 2001-இல் அதைக் காட்டினார்கள். எலி வகைப் பிராணிகள் காரமான பழத்தைத் தொடவில்லை. காரமில்லாத ரகத்தைக் கொடுத்துத் தின்னவைத்தபோது, அவற்றின் வயிற்றைக் கடந்த விதைகள் முளைக்கவில்லை, பல்லில் அரைபட்டுப் போயின. பறவை விழுங்கிய விதைகளோ எச்சத்தில் முழுதாக வெளிவந்து முளைத்தன. விதையை அரைப்பவரை விரட்டவும் சுமந்து செல்பவரை அனுமதிக்கவும் ஒரே மூலக்கூறு போதுமானதாக இருந்திருக்கிறது. மனிதன் மட்டும் அந்த எச்சரிக்கையை ருசி என்று எடுத்துக்கொண்டான்.

மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகும் இஞ்சியும் இருந்தன. வேதியியலில் மிளகின் பிப்பெரினும் இஞ்சியின் ஜிஞ்சராலும் கேப்சைசினும் தனித்தனிச் சேர்மங்கள். ஆனால் மூன்றும் போய்ச் சேரும் முக்கியமான இடம் அதே டி.ஆர்.பி.வி-1தான். நம் அடுக்களை பண்டத்தை மாற்றிக்கொண்டது, புரதம் மாறவில்லை. புதினாவின் மென்தால் இதற்கு நேர் எதிர். அது குளிரை உணரும் இன்னொரு புரதத்தைத் திறக்கிறது. வெந்நீரில் புதினா போட்டுக் குடித்தாலும் வாய் 'சில்'லென்றிருப்பதற்கு அதுதான் காரணம்.

காரம் பட்டதும் தண்ணீர் குடித்துப் பயனில்லாததற்கும் மூலக்கூறுதான் விளக்கம். கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பிவிடும். பாலும் தயிரும் உதவும். அவற்றிலுள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து விலக்குகிறது. மோரைத் தேடி ஓடியவர் சரியான பக்கம்தான் ஓடியிருக்கிறார்.

தொடர்ந்து காரம் தின்பவர்களுக்குக் காரம் உறைக்காமல் போவதையும் இங்கே புரிந்துகொள்ளலாம். டி.ஆர்.பி.வி-1-ஐ விடாமல் தூண்டினால் அந்த நரம்பு முனை களைத்து, பதில் சொல்வதை நிறுத்திக்கொள்கிறது. அக்கி வந்து ஆறிய பிறகும் மாதக்கணக்கில் விடாத நரம்பு வலிக்கு 8 சதவீதக் கேப்சைசின் தடவிய ஒட்டுப்பட்டையை மருத்துவர்கள் இந்த அடிப்படையில்தான் பயன்படுத்துகிறார்கள். எரியவைக்கும் பொருளே எரிச்சலை அடக்குகிறது.

பொருந்துவதும் திறப்பதும்

ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-இல் ஒரு கருத்தைச் சொன்னார்: நொதியும் அது மாற்றுகிற பொருளும் பூட்டும் சாவியும்போலப் பொருந்த வேண்டும். புரதங்கள் அசையாத பூட்டுகளல்ல, நெளிந்து கொடுப்பவை என்று பின்னர் தெரியவந்தாலும், அந்த உவமை இன்னும் கைகொடுக்கிறது. உணவிலுள்ள ஒரு சேர்மம் உடம்பில் எதையாவது செய்ய வேண்டுமானால், முதலில் ஏதோ ஒரு பூட்டில் அது நுழைய வேண்டும். நுழைந்த பிறகு பல வழிகள் உண்டு. கேப்சைசின்போலத் திறந்துவிடலாம். திறக்காமல், சரியான சாவியையும் நுழையவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்கலாம். பூட்டையே கெடுத்தும் விடலாம்.

அடைத்துக்கொண்டு நிற்பதற்கு நல்ல உதாரணம் காலைக் காபி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்க, அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேருகிறது. அது தன் பூட்டுகளான ஏற்பிகளில் போய் அமர்ந்ததும் செல்களின் பரபரப்பு அடங்கி, நமக்குக் கண்ணைச் சுழற்றுகிறது. காஃபீனின் உருவம் அடினோசினின் ஒரு பாதியை ஒத்திருக்கிறது. அதனால் அந்த ஏற்பிகளில் போய் உட்கார அதற்கு முடியும், அவற்றை இயக்க முடியாது. அடினோசின் வந்து பார்க்கும்போது இடம் காலியாக இல்லை. காபி நமக்குப் புதிதாக எந்தச் சக்தியையும் தருவதில்லை. களைப்பு என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேராமல் கொஞ்ச நேரம் தடுக்கிறது, அவ்வளவுதான். அடினோசின் வெளியே சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. காஃபீன் விலகியதும் அத்தனையும் ஒரேயடியாக வந்து அமர்கிறது.

ஒருவருக்கு இரவு எட்டு மணிக் காபி ஒன்றும் செய்யாது, இன்னொருவருக்கு மாலை நாலு மணிக் காபியே தூக்கத்தைக் கெடுத்துவிடும். கல்லீரலிலுள்ள சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதிதான் காஃபீனை உடைக்கிறது, அதன் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக உடம்பில் ஏறிய காஃபீனில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். கர்ப்ப காலத்தில் அது இன்னும் இழுக்கும். புகைபிடிப்பவர்களுக்கு அந்த நொதி அதிகமாக வேலை செய்வதால் சீக்கிரம் கழியும். புகையை விட்டவர் பழைய கணக்கில் காபி குடித்தால், அதே டம்ளர் காபி அவருக்கு முன்னைவிட அதிகமாக வேலை செய்யும். டம்ளரில் எதுவும் மாறவில்லை, மாறியது கல்லீரல்.

இனிப்பு காணாமல் போகும் அரை மணி நேரம்

இதையெல்லாம் ஆய்வுக்கூடம் இல்லாமல் நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டின் காடுகளிலும் வேலிகளிலும் படரும் சிறுகுறிஞ்சான் கொடியின் இலையைப் பலரும் அறிவார்கள். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இரண்டு இலையை மென்று, நாக்கெல்லாம் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டால் இனிக்காது. பல்லில் மணலாக நறநறக்கும், அவ்வளவுதான். உப்பு கரிக்கும், புளி புளிக்கும், இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். வாழைப்பழத்தில் புளிப்பும் மாவும் மட்டும் மிஞ்சும். அரை மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் இது நீடித்து, பிறகு இனிப்பு மெல்லத் திரும்பும்.

இந்த இலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலம் என்ற பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் அரசின் சின்கோனா வேதியியலாளராக இருந்தவர். 1887-இல் அவர் அதை எழுதியபோது, அது நாக்கில் என்ன செய்கிறது என்று சொல்ல யாரிடமும் கருவி இல்லை. விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேலானது. நாக்கில் இனிப்பை உணர்வது டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த ஓர் ஏற்பி என்று 2001 வாக்கில் தெரியவந்தது. ஜிம்னீமிக் அமிலம் அவற்றில் டி1ஆர்3-இன் உறைக்குள் பதிந்த பகுதியில் அமர்ந்து ஏற்பியை முடக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். மனிதர்களிடம் இத்தனை கச்சிதமாக வேலை செய்யும் இந்தப் பொருள் எலிகளிடம் செல்லுபடியாவதில்லை. அவற்றின் டி1ஆர்3 வேறு மாதிரி.

பூனை இன்னும் ஒரு படி மேலே. அதற்கு டி1ஆர்2-ஐ உண்டாக்கும் மரபணுவே பழுதாகிக் கிடக்கிறது. பாலில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் பூனைக்கு அது வெறும் பால்தான். மறுபக்கம், சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத சாக்கரினும் ஆஸ்பார்டேமும் அதே ஏற்பியில் பொருந்துவதால் நமக்கு இனிக்கின்றன. சர்க்கரையின் இனிப்பும் மிளகாயின் காரத்தைப்போலச் சந்திப்பில் பிறப்பதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இலை நாக்கில் செய்வது ஒன்று, சர்க்கரை நோயில் செய்வதாகச் சொல்லப்படுவது வேறு. நாக்கில் இனிப்பு தெரியவில்லை என்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மெல்லுகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

குடல் சுவரில் நடக்கும் வடிகட்டல்

வாயில் போட்டதெல்லாம் ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் சுவரின் செல்களிலும் கல்லீரலிலும் அந்நியப் பொருள்களை உடைக்கவும் வெளியே தள்ளவும் நொதிகளும் புரதங்களும் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது சி.ஒய்.பி. 3ஏ4. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சுமக்கும் நஞ்சுகளைச் சமாளிக்கத்தான் இந்த நொதிகள் நமக்கு உதவி வந்திருக்கின்றன. நாம் விழுங்கும் மாத்திரைகளும் இவற்றின் கண்ணில் அந்நியப் பொருள்களே. ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்யும்போதே, இவ்வளவு வழியில் உடைபடும் என்று கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள்.

அந்தக் கணக்கை ஒரு பழம் கெடுக்கும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. கனடாவில் டேவிட் பெய்லியின் குழு, ஃபெலோடிப்பின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. மதுவின் வாடை தெரியாமலிருக்க எல்லோருக்கும் கிரேப்ஃப்ரூட் என்ற ஆரஞ்சு வகைப் பழத்தின் சாற்றைக் கலந்து கொடுத்தார்கள். மது குடித்தவர், குடிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோர் ரத்தத்திலும் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. மது காரணமில்லை, சாறுதான் காரணம் என்பது 1989-இலும் 1991-இலும் வந்த கட்டுரைகளில் உறுதியானது.

அந்தச் சாற்றிலுள்ள ஃபியூரனோகூமரின் என்ற வகைச் சேர்மங்கள் குடல் சுவரிலுள்ள சி.ஒய்.பி. 3ஏ4-இல் நுழைகின்றன. நொதி தன் வழக்கப்படி அவற்றை உடைக்கப் பார்க்கிறது. அந்த வேலையின் நடுவே உண்டாகும் பொருள் நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி அதோடு செத்தது. குடல் புதிதாக நொதியை உண்டாக்கும்வரை, அதாவது ஒரு நாளும் அதற்கு மேலும், மாத்திரைகள் வடிகட்டப்படாமல் ரத்தத்துக்குள் போகும். காலையில் சாறும் இரவில் மாத்திரையும் என்று நேரம் மாற்றிக்கொள்வது இங்கே பலிக்காது. கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கிரேப்ஃப்ரூட் நம் ஊர்ச் சந்தையில் அவ்வளவு புழக்கமில்லை, ஆனால் அதன் பெற்றோரில் ஒன்றான பம்ளிமாஸ் உண்டு. அதிலும் இந்தச் சேர்மங்கள் இருக்கின்றன.

இதே வேலையைச் சற்று நிதானமாகச் செய்வது மிளகு. மஞ்சளின் குர்குமின் குடலைத் தாண்டுவதே அபூர்வம். தாண்டுகிற கொஞ்சத்தையும் கல்லீரல் சர்க்கரைச் சேர்மம் ஒன்றோடு பிணைத்து வெளியேற்றிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினைக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கிட்டத்தட்டத் தென்படவே இல்லை. அதோடு 20 மில்லிகிராம் பிப்பெரினைச் சேர்த்தபோது கிடைத்த அளவு 2,000 சதவீதம் கூடியது. பிப்பெரின் அந்தப் பிணைக்கும் நொதியைத் தடுத்திருக்கிறது. இந்தப் பண்பை மருந்திலும் பயன்படுத்தினார்கள். ஜம்முவிலுள்ள ஓர் ஆய்வகத்தின் உழைப்பில் உருவான ஒரு காசநோய் மாத்திரையில் பிப்பெரினைச் சேர்த்து, 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் மருந்தின் வேலையை 200 மில்லிகிராமில் முடித்தார்கள்.

இதைக் கேட்டதும் மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூலை வாங்கி விழுங்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். கல்லீரல் வெளியேற்றுவதைத் தடுத்தால், குர்குமின் மட்டுமா தங்கும்? கூடவே சாப்பிடுகிற மற்ற மாத்திரைகளும் தங்கும். மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. சாம்பாரில் போடும் கால் ஸ்பூன் மஞ்சளுக்கும் பொங்கலில் கடிபடும் மிளகுக்கும் இந்தப் பயம் தேவையில்லை. செறிவூட்டி அடைத்த கேப்சூலை மருந்தாகவே பார்க்க வேண்டும்.

சூரை மீனும் காசநோய் மாத்திரையும்

1970களில் இலங்கையின் காசநோய் மருத்துவர் சி.ஜி. உரகொட ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகள் சிலருக்கு, சூரை வகை மீன் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்தது, தலை வலித்தது, நெஞ்சு படபடத்தது. மாத்திரை ஒவ்வாமை என்று நினைக்கலாம்; ஆனால் மற்ற நாட்களில் அதே மாத்திரை எதுவும் செய்யவில்லை. மீன் ஒவ்வாமை என்று நினைக்கலாம். நோய் வருமுன் அதே மீனைச் சாப்பிட்டுப் பழகியவர்கள்தான்.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்ததும் ஐஸில் போடாமல் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. கொஞ்சம் ஹிஸ்டமின் வயிற்றுக்குள் போனால், குடலிலுள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். நமக்குத் தெரியவே வராது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் அந்த நொதியைத் தடுக்கிறது. மற்றவர்களுக்குத் தொந்தரவு தராத அளவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதிகமாகிவிடுகிறது. மருந்தும் தவறு செய்யவில்லை, மீனும் புதிதாக எதையும் செய்யவில்லை. இரண்டும் ஒரே நொதியின் வாசலில் சந்தித்ததுதான் வினை.

காசநோய்க்கு மருத்துவமனையில் படுக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். வீட்டில் இருந்தால் வீட்டுச் சாப்பாடுதான். அதனால்தான் அந்தச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் மீனை விட வேண்டியதில்லை. புதிதாகப் பிடித்து ஐஸில் வைத்த மீனாகப் பார்த்து வாங்கினால் போதும்.

கீரை கெட்டதா?

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் பலரும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவார்கள். இந்த மருந்தின் பிறப்பே உணவில்தான். 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் பூசணம் பிடித்த ஒரு தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்கின் ஆய்வகம் அந்தத் தீவனத்திலிருந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவாக்கப்பட்ட வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, சில ஆண்டுகளில் மனித மருந்தாகவும் ஆனது.

ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கும்போது வைட்டமின் கே தேவை. ஒரு முறை பயன்பட்ட வைட்டமினை மறுபடி பயன்படத்தக்கதாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. முருங்கைக் கீரையிலும் அரைக்கீரையிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. ஒரே நாளில் நிறையச் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையும். அதனால் 'கீரையே தொடாதே' என்று வீட்டில் தடை போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாத தடை. வாரத்தில் எவ்வளவு கீரை வழக்கமோ அதே அளவைத் தொடர்ந்து சாப்பிட்டால், மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துவிடுவார். ஒரு மாதம் கீரையே இல்லாமல், அடுத்த மாதம் தினமும் என்றால்தான் ஆபத்து.

சாப்பிட்டதும் தேநீர் குடிக்கும் பழக்கமும் இந்த வகைதான். தேநீரின் பாலிஃபீனால்கள் குடலில் கீரை, தானியங்களின் இரும்பைப் பற்றிக்கொண்டு உறிஞ்சப்படாமல் செய்துவிடும். எலுமிச்சையின் வைட்டமின் சி அதே இரும்பை உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதும் சாதத்தோடு எலுமிச்சை சேர்ப்பதும் காசு செலவில்லாத காரியங்கள்.

சோதனைக் குழாயும் சோற்றுத் தட்டும்

'மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது' என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் சோதனைக் குழாயில் நடந்ததாக இருக்கும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்தார்கள். குர்குமின் எந்தப் புரதத்தோடும் ஒட்டும், தானாக ஒளிரும், சோதனை முறைகளையே ஏமாற்றும்; 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை என்று எழுதினார்கள். குழாயில் சேர்மம் புரதத்தின் மேல் நேராக ஊற்றப்படுகிறது. உடம்பிலோ, வயிற்று அமிலம், குடல் நொதி, கல்லீரல் எல்லாவற்றையும் தாண்டி, போதுமான அளவில் அந்தப் புரதத்தைப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் பயனில்லை.

ஆகவே ஓர் உணவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எந்தச் சேர்மம்? அது உடம்பின் எந்தப் புரதத்தில் போய்ச் சேருகிறது? நாம் சாப்பிடும் அளவில் அது அங்கே போய்ச் சேருமா? போகும் வழியில் நாம் சாப்பிடுகிற மாத்திரையோடு மோதுமா? 'இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை' என்பது இவற்றில் எதற்கும் பதிலாகாது. சேர்மம் செடியிலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று நம் நொதிகள் விசாரிப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளோடு கஷாயம், லேகியம், மூலிகைப் பொடி, கேப்சூல், தினமும் குடிக்கும் சாறு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை அவசியம் செய்யுங்கள். மாத்திரையும் அதிகம், கைவைத்தியமும் அதிகம் இருப்பது அவர்களிடம்தான்.